கூட்டமாக வாழும் சிறு மீன்கள்: இனம் அறிதலும் பேணலும்

வெப்பமண்டல நன்னீர்களில் கூட்டமாக வாழ்ந்து, கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படும் சிறு மீன்கள் பெரும்பாலும் இரண்டு பெருங்குலங்களுள் அடங்குகின்றன. அமேசான், ஒரினோகோ ஆற்றுப் படுகைகளைத் தாயகமாகக் கொண்ட நியான், கார்டினல், ரம்மிநோஸ் முதலிய டெட்ராக்கள் கராசின் குலத்தைச் சேர்ந்தவை. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் ஓடைகளிலிருந்து வரும் ரஸ்போரா, டேனியோ, சிறிய பார்ப் ஆகியவை கெண்டையின் உறவினங்கள். பெரும்பாலான டெட்ராக்களில் முதுகுத் துடுப்புக்கும் வால் துடுப்புக்கும் இடையே, முட்கதிர் எதுவுமில்லாத சதைப்பற்றான சிறு துடுப்பொன்று காணப்படும். கொழுப்புத் துடுப்பு எனப்படும் இது கெண்டைக் குலத்தில் கிடையாது. டெட்ராவின் தாடையில் பற்கள் உண்டு. கெண்டைக் குலத்தின் தாடையில் பற்கள் இல்லை, அவை தொண்டைக்குள் அமைந்துள்ளன. பெயர் தெரியாத சிறு மீன் ஒன்று கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கொழுப்புத் துடுப்பையே. அது இருந்தால் மீனின் தாயகம் ஆசியா அன்று என்பது ஏறத்தாழ உறுதியாகிவிடும்.

இந்த இயலில் இனம் அறிதலுக்கு முதலிடம் தரப்படுவதற்குக் காரணம் உண்டு. கடையில் ஒரே தொட்டியில், ஒரே பெயரில், ஒரே விலையில் விற்கப்படும் இரு மீன்கள் வெவ்வேறு ஆறுகளுக்கு உரியவையாக இருக்கலாம். ஒன்று கோடையைத் தாங்கி நிற்க, மற்றது ஏப்ரல் மாதத்திலேயே ஒவ்வொன்றாக இறந்துபோவதற்கு வளர்ப்பவரின் கவனக்குறைவைவிட இந்த வேறுபாடு அறியப்படாமையே பல வேளைகளில் காரணமாகிறது.

நியானும் கார்டினலும்

தொட்டி மீன்களில் மிகுதியாக விற்பனையாவதும், மிகுதியாகத் தவறாக அடையாளம் காணப்படுவதும் நியான் டெட்ராவே. இதன் கண்ணிலிருந்து கொழுப்புத் துடுப்புவரை ஓடும் நீலக்கோடு எல்லோருக்கும் தெரியும்; ஆனால் இனத்தை உறுதிசெய்வது நீலம் அன்று, சிவப்பு. நியானில் சிவப்பு நிறம் உடலின் நடுப்பகுதியில் தொடங்கி வால் அடிவரை மட்டுமே செல்லும். அதற்கு முன்னுள்ள வயிறு வெள்ளி நிறமாக இருக்கும். கார்டினல் டெட்ராவில் அந்தச் சிவப்பு தலையருகிலிருந்தே தொடங்கி உடலின் கீழ்ப்பாதி முழுவதையும் நிரப்பும். பச்சை நியான் எனப்படும் மூன்றாவது இனத்தில் சிவப்பு மங்கலாகவும் குறைவாகவும் இருக்க, நீலப்பச்சைக் கோடு கொழுப்புத் துடுப்போடு நின்றுவிடாமல் வாலடிவரை நீளும். மூன்றிலும் சிறியது இதுவே, பெரும்பாலும் 2.5 சென்டிமீட்டரைத் தாண்டாது. இளங்குஞ்சுகளில் நிறம் முழுமை பெறாத நிலையில் நியானையும் கார்டினலையும் பிரித்தறிவது சற்றுக் கடினம் என்பதால், 1.5 சென்டிமீட்டருக்கும் குறைந்த குஞ்சுகளை வாங்காமலிருப்பது நல்லது.

பெரு நாட்டின் மேல் அமேசான் பகுதியில் பிடிக்கப்பட்ட நியானுக்கு 1936இல் ஜார்ஜ் மையர்ஸ் அறிவியல் பெயரிட்டார். கார்டினலுக்கோ 1956 பிப்ரவரியில் ஒரு நாள் இடைவெளியில் இரு வெவ்வேறு பெயர்கள் வெளியாயின. முந்தி வெளிவந்த ஷூல்ட்ஸின் பெயரே நிலைத்தது. இன்று மூன்றும் பாராசெய்ரோடான் என்னும் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளன. பழைய நூல்களில் இவை செய்ரோடான், ஹைபெஸ்ஸோபிரைகான் என்ற பேரினப் பெயர்களில் இருப்பதைக் கண்டு வேறு மீன்கள் என மயங்க வேண்டியதில்லை.

நியான், கார்டினல் ஆகிய இரண்டின் தேவைகளும் ஏறத்தாழ எதிரெதிரானவை. சந்தைக்கு வரும் நியான்களில் மிகப் பெரும்பகுதி பண்ணைகளில் பல தலைமுறைகளாகப் பெருக்கப்பட்டவை. ஆகவே ஓரளவு கடினமான நீரையும் அவை ஏற்றுக்கொள்கின்றன, ஆனால் வெப்பத்தை ஏற்பதில்லை. 21 முதல் 26 பாகை செல்சியஸ் வரையிலான நீரே அவற்றுக்கு உகந்தது. கார்டினல் 24 முதல் 29 பாகையில் நலமாக வாழும். ஆனால் அதன் தாயகமான ரியோ நீக்ரோ, அழுகிய இலைதழைகளின் சாறு ஊறித் தேநீர் நிறம் கொண்ட கருநீர் ஆறு. அந்நீரில் கரைந்த உப்பு மிகமிகக் குறைவு. அமில நிலையைக் குறிக்கும் பி.எச். அளவு அங்கே 4க்கும் 5க்கும் இடைப்பட்டது. பிரேசிலின் பார்செலோஸ் நகரைச் சுற்றியுள்ள வெள்ளக்காடுகளில் பியாபெய்ரோ எனப்படும் மீன்பிடிப்போர் கைவலையால் பிடித்த காட்டுக் கார்டினல்கள் நெடுங்காலமாக உலகச் சந்தைக்குச் சென்று வருகின்றன. காட்டை அழிக்காமல் அதிலிருந்தே கிடைக்கும் இவ்வருவாய் அங்குள்ள குடும்பங்களுக்கு முக்கியமானது. அண்மைக் காலத்தில் பண்ணைக் கார்டினல்களும் பெருகியுள்ளன. எனவே கார்டினலை வாங்குவோர் அது காட்டிலிருந்து வந்ததா, பண்ணையிலிருந்து வந்ததா என்று கேட்டறிவது வீண் ஆர்வம் ஆகாது; காட்டு மீனுக்கு மென்னீர் கட்டாயம், பண்ணை மீனுக்கு நடுத்தரமான நீர் போதும்.

நியான், கார்டினல் இரண்டின் நீலக்கோட்டிலும் நிறமி கிடையாது. தோலின் உயிரணுக்களில் அடுக்கடுக்காக அமைந்த குவானின் படிகத் தகடுகள் ஒளியைப் பிரதிபலிப்பதாலேயே நீலம் தோன்றுகிறது. இருளில் அத்தகடுகளின் இடைவெளி மாறுவதால் கோடு மங்கி ஊதா நிறமடைகிறது. காலையில் விளக்கேற்றிய சிறிது நேரத்தில் பழைய நிறம் திரும்பிவிடும். விடியற்காலையில் வெளிறிய மீன்களைக் கண்டு நோய் எனப் பதறி மருந்தூற்றுவது புதியவர்களிடம் காணப்படும் பழக்கம். பகல் முழுவதும் நிறம் திரும்பாதிருந்தால் மட்டுமே கவலைக்கு இடமுண்டு.

உருவொப்புமை கொண்ட பிற இனங்கள்

செம்மூக்கு மீன் எனத்தக்க ரம்மிநோஸ் டெட்ராவும் மூன்று இனங்களின் பொதுப்பெயரே. சந்தையில் மிகுதியாகக் கிடைக்கும் பிளேஹெரி இனத்தில் தலையின் சிவப்பு செவுள் மூடியைக் கடந்து உடலுக்குள் பரவும்; ரோடோஸ்டோமஸ் இனத்தில் அது தலையோடு நின்றுவிடும்; ஜார்ஜியே என்னும் மூன்றாவது அரிதாகவே வருகிறது. முன்னர் இரு பேரினங்களில் இருந்த இம்மூன்றும் 2020இல் வெளியான ஆய்வொன்றில் பெடிடெல்லா பேரினத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. பேணலைப் பொறுத்தவரை மூன்றுக்கும் வேறுபாடு மிகக் குறைவு: 24 முதல் 28 பாகை வெப்பம், மென்னீர், தூய்மை. நீர் கெடத் தொடங்கியதும் மூக்கின் சிவப்பு வெளிறிவிடுகிறது. பரிசோதனைத் துளிமருந்துகள் கைவசம் இல்லாத வீட்டில் நீரின் நிலையை முதலில் அறிவிப்பது இந்த மீனே.

ஹார்லிகுவின் ரஸ்போராவும் அதன் நெருங்கிய உறவினங்களும் டிரைகோனோஸ்டிக்மா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. உடலின் பின்பாதியில் அகன்ற முக்கோணக் கரும்பட்டையும் உயரமான உடலும் இருந்தால் அது ஹெடரோமார்ஃபா. பட்டை குறுகி, உடல் செம்பு நிறம் கொண்டு மெலிந்திருந்தால் எஸ்பெய். பட்டைக்கு மேலே எரியும் ஆரஞ்சுக் கீற்றும் மற்றபடி வெளிறிய உடலும் இருந்தால் ஹெங்கெலி. கெண்டைக் குலத்தின் பெரும்பாலான சிறு மீன்கள் முட்டைகளை நீரில் சிதறவிடுகையில், இவை தலைகீழாகத் திரும்பி அகன்ற இலைகளின் அடிப்புறத்தில் முட்டைகளை ஒட்டவைக்கின்றன. ஆகவே இவை இனம்பெருக வேண்டுமென விரும்புவோர் தொட்டியில் அகன்ற இலையுள்ள தாவரங்களை நடுதல் வேண்டும்.

இலங்கையின் தென்மேற்கு ஈரவலய ஓடைகளுக்கு மட்டுமே உரிய செர்ரி பார்ப்பில் குழப்பம் வேறு வகையானது. ஆண் செஞ்சிவப்பாகவும், பெண் கரிய கோடோடிய பழுப்பாகவும் இருப்பதால், ஒரே இனத்தின் இரு பாலினங்களும் இரு இனங்களெனக் கருதப்படுகின்றன. 1929இல் தெரணியகல விவரித்த இம்மீனின் காட்டுத் தொகை வாழிட அழிவால் நெருக்கடிக்கு உள்ளாகியுள்ளது. சந்தைக்கு வருபவை பண்ணை மீன்களே. நீர்த் தாவரங்கள் அடர்ந்த தொட்டியில் இது மிக எளிதாக வாழும். தொடக்கநிலையினருக்கு நியானைவிட இதையே பரிந்துரைக்கலாம்.

கேரள ஆறுகளின் டெனிசன் பார்ப், கடைகளில் மிஸ் கேரளா என்ற பெயரில் சிறு மீன்களோடு சேர்த்து விற்கப்பட்டாலும், உண்மையில் இந்த இயலுக்கு உரியதன்று. வாங்கும்போது 5 சென்டிமீட்டர் இருக்கும் இம்மீன் 10 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். வேகமாக ஓடும், உயிர்வளி நிறைந்த நீரும் நான்கடிக்குக் குறையாத தொட்டியும் இதற்குத் தேவை. மேலும், இது அழிவின் விளிம்பை நெருங்கும் இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. பண்ணையில் பிறந்தது எனக் கடைக்காரர் உறுதி கூறாதவரை இதை வாங்காமலிருப்பதே பொறுப்பான செயல். இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் எனச் செயற்கை நிறங்களில் மின்னும் விடோ டெட்ராக்களையும் தவிர்க்க வேண்டும். அவற்றுள் சாயம் ஏற்றப்பட்டவை உண்டு, அச்செயல் மீனுக்குத் துன்பம் தருவதோடு அதன் ஆயுளையும் குறைக்கிறது.

கூட்டம் ஏன் தேவை

இம்மீன்களுக்குக் கூட்டம் என்பது அழகுக்கான ஏற்பாடன்று, பாதுகாப்பு. உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு நீரின் நுண்ணிய அசைவையும் உணர்வதால், அருகிலுள்ள மீன் திரும்பும் கணத்திலேயே மற்றதும் திரும்புகிறது. வேட்டையாடும் பெருமீனால் தனியொன்றைக் குறிவைக்க முடிவதில்லை. ஆறுக்கும் குறைவான மீன்களாக விடப்படும்போது இவை மூலையில் பதுங்கும், உணவெடுக்கத் தயங்கும், நிறம் மங்கும். சில இனங்களில் வலியவை மெலியவற்றின் துடுப்பைக் கடிக்கத் தொடங்கும். ஆறு என்பது குறைந்த அளவு. 10 முதல் 15 வரை விடும்போதுதான் இயல்பான நடத்தை வெளிப்படுகிறது. ஐந்து இனங்களில் மும்மூன்று மீன்கள் என்ற கலவையைவிட ஒரே இனத்தில் பதினைந்து மீன்கள் எல்லா வகையிலும் சிறந்தவை.

கராசின் குலமும் கெண்டைக் குலமும் பகிர்ந்துகொள்ளும் இரு உடலியல் பண்புகள் பேணலோடு நேரடித் தொடர்புடையவை. முதலாவது, காற்றுப்பையை உட்செவியோடு இணைக்கும் சிறு எலும்புகளின் தொடர். வெபரின் எலும்புகள் எனப்படும் இவற்றால் இம்மீன்களின் கேட்கும் திறன் பிற மீன்களினும் கூர்மையானது. கண்ணாடியை விரலால் தட்டுவதும், தொட்டியை ஒலிபெருக்கிக்கு அருகே வைப்பதும் இவற்றுக்குத் தாங்கொணாத் தொல்லை. இரண்டாவது, கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1938இல் விவரித்த எச்சரிக்கைப் பொருள்: தோலில் காயம்படும்போது சிறப்பு உயிரணுக்களிலிருந்து வெளிப்படும் வேதிப்பொருள் நீரில் பரவி, முழுக் கூட்டத்தையும் அச்சத்தில் ஆழ்த்துகிறது. முரட்டு வலையால் ஒரு மீனைப் பிடிக்கையில் அதன் தோல் உரிந்தால் எஞ்சியவை நெடுநேரம் ஒளிந்துகொள்வதற்கு இதுவே காரணம். ஆகவே மென்மையான நைலான் வலையால் மீன்களைக் கண்ணாடிக் குவளைக்குள் ஓட்டி, நீரோடு சேர்த்து எடுப்பதே முறை.

தொட்டியின் உயரத்தைவிட நீளமே முக்கியம். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் கொண்ட, கடைகளில் இரண்டடித் தொட்டி எனப்படுவது, கணக்கின்படி 54 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் போக நிற்கும் நீர் 12 நியான்களுக்குப் போதும். அடியில் கருமணலும், மேலே மிதக்கும் தாவரங்களும், நடுவே நீந்துவதற்கு வெற்றிடமும் இருந்தால் நிறம் தானே எடுக்கும். வெள்ளைக் கூழாங்கல்லும் கண் கூசும் விளக்கும் நிறத்தைக் குறைத்துவிடும்.

நீர்

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் உண்டாகும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிரிகள் நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் நஞ்சு, மூன்றாவது, வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றினால் கட்டுக்குள் நிற்கும். இந்நுண்ணுயிரிகள் ஃபில்டரின் பஞ்சில் போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்கும் வழக்கமே நியான்களின் பெருஞ்சாவுக்கு முதற்காரணம். நன்றாக இயங்கும் வேறொரு தொட்டியின் பஞ்சைப் புதிய ஃபில்டரில் சேர்த்தால் இக்காலம் வெகுவாகக் குறையும். பஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் குளோரின் அந்நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும் என்பதால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும்.

கடலோர ஊர்களின் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பெரும்பாலும் கடினமாகவும் காரத்தன்மையோடும் இருக்கும். கடினத்தைவிடக் காரமே இங்கு மறைமுகமாகத் தீங்கு செய்கிறது. 25 பாகையில் பி.எச். 7 ஆக இருக்கையில் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, பி.எச். 8 ஆனால் அது ஏறத்தாழ பத்து மடங்காகிறது. ஒரே அளவு அழுக்கு ஒருவர் வீட்டில் மீனைக் கொல்லாமலும் மற்றொருவர் வீட்டில் கொன்றும் விடுவது இதனால்தான். காட்டுக் கார்டினல், ரம்மிநோஸ் போன்றவற்றுக்குக் கிணற்று நீரோடு ஆர்.ஓ. நீரையோ, மாடியில் முதல் மழை கழிந்தபின் பிடித்த மழைநீரையோ பாதிக்குப் பாதி கலப்பது நல்ல வழி. ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றுவது தவறு. அமில நிலையைத் தாங்கிப்பிடிக்கும் உப்புகள் அதில் இல்லாததால் பி.எச். திடீரெனச் சரியக்கூடும். உலர்ந்து தானே உதிர்ந்த பாதாம் மர இலையை, அதாவது நாட்டுவாதுமை இலையை, கழுவி இரண்டொன்று போட்டால் அதிலிருந்து இறங்கும் டேனின் நீரைத் தேநீர் நிறமாக்கி, கருநீர் மீன்களை அமைதிப்படுத்தும். மருந்து தெளிக்கப்படாத மரத்தின் இலையாக அது இருக்க வேண்டும்.

குழாய் நீரின் குளோரினை நீக்க ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைப்பது பழைய முறை. குளோரமின் கலந்த நீரில் இது பயன் தராது. ஆன்டி குளோரின் என விற்கப்படும் சோடியம் தயோசல்பேட் கரைசல் விரைவானது. நீரைச் சேமித்து வைப்போர் பாத்திரத்தை மெல்லிய துணியால் மூடுதல் கட்டாயம். தெளிந்து நிற்கும் நீரே டெங்கு பரப்பும் கொசுவின் பிறப்பிடம்.

வெயிற்காலம்

மேலைநாட்டு நூல்கள் ஹீட்டரைப் பற்றி விரிவாகப் பேசும். தமிழகத்தின் சமவெளி ஊர்களில் சிக்கல் நேர்மாறானது: மே மாதத்தில் தொட்டி நீர் 32 பாகையைத் தாண்டுவது இயல்பு. 25 பாகையில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்றே மேல் கரையும் உயிர்வளி 32 பாகையில் 7.3 மில்லிகிராமாகக் குறைகிறது. அதே வேளையில் மீனின் உயிர்வளித் தேவை கூடுகிறது. நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறியை வீசச்செய்தால் ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை குறையும். காற்றில் ஈரம் மிகுந்த கடலோரத்தில் இப்பயன் குறைவு. ஆவியான நீரை ஈடுசெய்யக் கிணற்று நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு நாளுக்குநாள் செறிந்துவிடும், அதற்கு ஆர்.ஓ. நீரையே பயன்படுத்த வேண்டும். ஏர் பம்ப் இரவிலும் ஓட வேண்டும். தாவரங்கள் இருளில் உயிர்வளியை எடுத்துக்கொள்வதால் விடியற்பொழுதே மிக ஆபத்தானது. இவற்றைக் கருதும்போது, குளிரூட்டும் வசதியில்லாத சென்னை வீட்டில் நியானைவிடப் பண்ணைக் கார்டினலோ ரம்மிநோஸோ பொருத்தமானவை. உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில், நீர் 21 பாகைக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் நியானும், பரந்த வெப்ப எல்லையைத் தாங்கும் ஜீப்ரா டேனியோவும் சிறக்கும்.

வாங்குதல், உணவு, நோய்

சென்னையின் கொளத்தூர் போன்ற பெருஞ்சந்தைகளில் வாங்குவோர், வந்து ஒரு வாரமாவது கடையில் தங்கி உணவெடுக்கும் மீன்களையே தேர்ந்தெடுத்தல் நன்று. கூட்டத்திலிருந்து விலகித் தனித்து நிற்பது, வயிறு ஒட்டியது, செவுள் வேகமாக அடிப்பது ஆகியவற்றையும், இறந்த மீன் கிடக்கும் தொட்டியில் உள்ள எதையும் ஒதுக்க வேண்டும். வீட்டில் பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்து, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மீனை மட்டும் வலையால் மாற்ற வேண்டும். பை நீர் தொட்டிக்குள் போகலாகாது. நெடுந்தொலைவு பயணம் செய்த பையில் இம்முறையை நீட்டிக்கக் கூடாது. மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். தாழ்ந்திருப்பதால் அம்மோனியா தீங்கற்ற வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறிப் பி.எச். உயர, அதே அம்மோனியா நஞ்சாகிவிடும். அத்தகைய மீன்களை வெப்பம் சமனானவுடன் விரைந்து மாற்றுவதே பாதுகாப்பு.

சிறு வாய்க்கு ஏற்பப் பொடித்த உணவை நாளுக்கு இருமுறை, இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும் அளவில் தர வேண்டும். வாரத்தில் ஓரிரு நாள் முட்டையிலிருந்து புதிதாகப் பொரிந்த ஆர்ட்டீமியா இறால்குஞ்சுகள் நிறத்தையும் உடலையும் வளர்க்கும். சாக்கடைகளில் திரட்டப்படும் டியூபிஃபெக்ஸ் புழு மலிவானதாயினும் நோய்களைக் கூடவே கொண்டுவரும்.

உடலெங்கும் உப்புத் தூள் போன்ற புள்ளிகளைத் தோற்றுவிக்கும் வெண்புள்ளி நோய் மருந்துக்குக் கட்டுப்படும். ஆனால் மருந்து ஒட்டுண்ணியின் நீந்தித் திரியும் பருவத்தை மட்டுமே கொல்வதால், புள்ளிகள் மறைந்த பின்னும் சில நாள் தொடர வேண்டும். டெட்ராக்கள் மாலகைட் கிரீன் போன்றவற்றைத் தாங்காமையால் பாதி அளவில் தொடங்குவது வழக்கம். நியான் நோய் எனப்படுவது வேறு. பிளிஸ்டோஃபோரா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி தசைக்குள் பெருகுவதால் நீலக்கோடு இடையிடையே அழிந்து, தசை வெண்மையாகி, முதுகு வளைந்து, மீன் கூட்டத்திலிருந்து பிரிகிறது. இதற்கு நம்பத்தக்க மருந்து இல்லை. இறந்த மீனைப் பிற மீன்கள் கொத்தித் தின்பதாலேயே இது பெரும்பாலும் பரவுவதால், அறிகுறி கண்ட மீனை அன்றே பிரிப்பதும், இறந்ததை உடனே அகற்றுவதும் தலையாய கடமை. வாயைச் சுற்றியும் தோலின் மேலும் வெண்படலம் படர்ந்து ஓரிரு நாளில் கொல்வது பெரும்பாலும் பாக்டீரியா நோயாகும். அது மருந்துக்கு இணங்கக்கூடும் என்பதால் இரண்டையும் குழப்பலாகாது.

நோயாலோ முதுமையாலோ கூட்டம் ஆறுக்கும் கீழே குறைந்தால், எஞ்சியவற்றோடு அதே இனத்தின் புதிய மீன்களைச் சேர்க்க வேண்டும்; ஆனால் அவற்றை மூன்று வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே சேர்க்கலாம். முந்தையவை நியான் நோயால் இறந்திருந்தால், கடைசி மீன் இருக்கும்வரை புதியவற்றைச் சேர்க்காமல், பின்னர் தொட்டியைக் காலிசெய்து கிருமிநீக்கம் செய்து உலர்த்தி மறுபடி தொடங்குவதே தக்கது. வளர்க்க இயலாத மீன்களைக் கடைக்கோ வேறொரு வளர்ப்பாளருக்கோ கொடுத்துவிட வேண்டும்; அவற்றை ஏரியிலோ கிணற்றிலோ விடுவது அந்நீரின் இயல் மீன்களுக்கு நோயையும் போட்டியையும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.